சவ்ஸன் விழுங்கிய நோன்பு மாத்திரை

"குடும்பத்துல யாருக்காவது ரத்தம் கட்டிக்கிட்டது உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்ல எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம் டாக்டர்," என்றாள் அம்மா.

ரபாபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை சவ்ஸன் எகிப்தின் மன்சூரா ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாகக் கிடக்கிறாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நிறைமாதம் போல வயிறு, உள்ளே அத்தனையும் தண்ணீர். நைல் கரையில் வயிறு வீங்கினால் கல்லீரல் வைரஸ்தான் என்று டாக்டர்களாகவே முடிவுகட்டி, அதற்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயைத் திறந்திருந்தால் அந்த ஒரு வாரம் வீணாகியிருக்குமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால், பிரசவமான கையோடு ரபாபுக்குக் கால் வீங்கியது. ரத்தம் சுலபமாக உறையும் ஜீன் அவளுக்கு இருக்கிறது, பெற்றவர்கள் வழியில் வந்தது என்று அப்போதே சொன்னார்கள். "தங்கைக்கும் டெஸ்ட் எடுங்க. ஹார்மோன் மாத்திரை மட்டும் கூடவே கூடாது." டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அம்மா கிழித்து அடுப்பில் போட்டாள். "இது வெளிய தெரிஞ்சா சவ்ஸனை எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும், வாயைத் தொறக்காதே."

இந்த ரமலானில் ஒரு நாள்கூட விடாமல் நோன்பு பிடிக்க ஆசைப்பட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களைப் போலவே சவ்ஸனும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியிருக்கிறாள். காலி அட்டையை அவள் கைப்பையில் ரபாப் பார்த்தது இன்று காலையில்தான்.

சவ்ஸனுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் தாய் ஹஜ்ஜா தஃபீதா கொய்யாப்பழப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதனால்தானே இந்த நடிப்பு!

"பொய் சொல்றாங்க டாக்டர்," என்றாள் ரபாப். "எனக்குக் கால்ல ரத்தம் கட்டிச்சு. குடும்பத்து ஜீனாம். இவ நோன்புக்காக முப்பது நாள் இந்த மாத்திரையைப் போட்டிருக்கா." அட்டையை நீட்டினாள்.

டாக்டர் முகம் மாறியது. "கல்லீரல் ரத்தக்குழாயே அடைச்சிருக்கும். உடனே ஸ்கேன் எடுங்க," என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே விரைந்தார்.

"குடியைக் கெடுத்துட்டியேடி," என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"நானா கெடுத்தேன்? பெத்த பொண்ணு சாகக் கிடக்கறா, உனக்கு மாப்பிள்ளை வீடு முக்கியமா? நீயெல்லாம் ஒரு தாயா?"

"சண்டையை நிறுத்துங்க," என்றாள் ஹஜ்ஜா. "என் தங்கச்சிக்கும் இதே கோளாறுதான். மருந்து சாப்பிட்டுக்கிட்டு நாலு பிள்ளை பெத்து நல்லாத்தான் இருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ரபாப் அம்மாவை இன்னும் நாலு வார்த்தை கேட்கத் திரும்பினாள். கட்டிலில் சவ்ஸன் கண் திறந்திருந்தாள்.

"மூணு வருஷமா உனக்கும் தெரியுமாக்கா?"

ரபாப் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா சொல்லக் கூடாதுன்னு..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

சவ்ஸன் கையை உருவிக்கொண்டாள். "அப்புறம் அவங்களை மட்டும் எதுக்குத் திட்றே?"