கிளஸ்ரரைத் தின்ற எலி

எங்கள் ஊர் நாரந்தனை அல்போன்சம்மாவை நீங்கள் அறியமாட்டீர்கள், கண்மணிகளே. அவளுடைய மகள் பிரேமினி ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்தாள். 2005 நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, லீவில் வந்தவள், ஆராய்ச்சிக் குறிப்பெழுதிய ஒரு தடித்த கொப்பியும் கொண்டுவந்தாள். தை மாதம் அதை வைத்துக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும்.

"உதில என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?" என்றாள் தாய்.

"தண்ணி மூலக்கூறுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கொத்தாய் நிக்கும் அம்மா. அதுதான் கிளஸ்ரர். லேசரால அடிச்சால் மின்னேற்றம் வரும். சிலது உடைஞ்சும் போகும். பிறகு எல்லாத்தையும் ஒரே மாதிரித் தள்ளிவிட்டால், பாரம் குறைஞ்சது முந்தி வந்து சேரும். வாற நேரத்தைப் பாத்துப் பாரத்தைச் சொல்லலாம்."

அல்போன்சம்மாவின் காதில் தங்கியது இரண்டே சொல். கிளஸ்ரர் என்றால் றேடியோவில் சொல்லுகிற கொத்துக்குண்டு. லேசர் அதைவிட மோசமாக இருக்க வேண்டும்.

மறுநாள் மகள் பூசைக்குப் போயிருந்த நேரம், பக்கத்து ஒழுங்கையில் ஆமி வீடு வீடாகச் சோதிக்கிறது என்று தாய் கேள்விப்பட்டாள். அந்த நாளில் இப்படியான செய்தி வந்தால் ஆமி சந்தேகப்படும் என்று எங்கள் கை முதலில் கடதாசிகளைத்தான் தேடும். தாய் கொப்பியின் இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசித்து, அந்த இரண்டு சொல்லும் கண்ட இடமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினாள். முதல் துண்டை அடுப்பில் போட்டாள். மகளின் கையெழுத்து சுருண்டு கறுத்ததைக் கண்டதும் மற்றவற்றை எரிக்க மனம் வரவில்லை. பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடிவைத்தாள்.

வந்த ஆமிக்காரன் கொப்பியை விரித்தான். பக்கமெல்லாம் ஓட்டை.

"எலியா?"

"ஓம், எலி."

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பிரேமினி வந்து கொப்பியைப் பார்த்தாள். எலி கடித்தது என்று தாய் சொல்ல, எந்தெந்தச் சொல் போயிருக்கிறது என்று பக்கங்களைப் புரட்டினாள்.

"எலிக்கு இங்கிலீசும் தெரியுமோ அம்மா?"

தாய் பேணியைக் கொண்டுவந்து நீட்டினாள். வெட்டிய துண்டுகளின் பின்பக்கத்தில் எண்கள் இருந்தன. எந்த அளவை எவ்வளவு லேசர் வலுவில் எடுத்தது என்ற கணக்கு. கணினியில் மற்றதெல்லாம் உண்டு. இது மட்டும் இந்தக் கொப்பியில்தான்.

இரண்டு பேரும் அடுப்படிக் குசினி நிலத்தில் உட்கார்ந்து, துண்டின் விளிம்பைப் பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள். பின்னேரம் ஆனபோது ஒரே ஒரு ஓட்டை மிச்சம், அடுப்பில் எரிந்த துண்டினுடையது. பெரிய கொத்து உடையாமல் வந்துசேர்ந்த அந்த ஒரு நாளின் எண்.

"முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதைப் பாத்து நடுவில ஒண்டைப் போடன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஏலாது அம்மா. போய்த் திரும்ப அளக்கவேணும். கட்டுரை பிந்தும், பரவாயில்லை."

ஓட்டைக்குப் பக்கத்தில் 'அளவு இல்லை' என்று எழுதினாள்.

"ஏன் இல்லையெண்டு உன்ர பேராசிரியர் கேட்டால்?"

"நாரந்தனை எலி திண்டிட்டுது எண்டுவன்."

காலையிலிருந்து சிரிக்காத அல்போன்சம்மா அப்போதுதான் சிரித்தாள்.