ஓரத்தில் பிடித்த துரு

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, துரு ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில் உப்புப்பெட்டி திறக்கப்பட்டது. ஆறு வாரமாக உள்ளே உப்புநீர் மூட்டத்தில் நின்ற நான்கு இரும்புத் தகடுகளையும் உதவியாளர் வெளியே எடுத்துக் குழாய்நீரில் அலசினாள். அந்தப் பெட்டியே கதி என்று கிடப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் உப்புக்காரி.

தகடுகளில் இருந்தது நெடியில்லாத புதுப் பூச்சு. பழைய பூச்சின் நெடி அவள் புருஷனின் நெஞ்சை அரித்திருந்தது. பாலங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். இனி அதை முகர்ந்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். புதுப் பூச்சு தேறினால் ஆற்றுப்பாலத்துக்கு அதையே எடுப்பதாக ஒப்பந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவன் வீட்டில் கிடந்தான்.

ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் இரும்பு தெரிய அவள் கத்தியால் கீறிய பெருக்கல் குறி. மட்டமான பூச்சாக இருந்தால் துரு அங்கிருந்துதான் பரவும். அங்கே ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் நான்கு ஓரங்களிலும், பூச்சு ஏறாத வெட்டு விளிம்பை மூட ஒட்டிய டேப்புக்கு அடியிலிருந்து பழுப்பு கசிந்து பூச்சின் மேல் ஏறியிருந்தது.

பூச்சை உருவாக்கிய விஞ்ஞானியை டாக்டரம்மா என்பார்கள். அவர் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துக்கு என்ன டேப் ஒட்டினே?"

"ஸ்டோர்ல குடுத்ததுதாம்மா. உப்புக்குத் தாங்குறது தீர்ந்துபோச்சாம். அட்டைப்பெட்டி ஒட்டுறதைக் குடுத்து, இதுவும் டேப்புதானேன்னாங்க. அவங்ககிட்ட நல்லது வாங்குறது கல்லுல நார் உரிக்கிற கதைதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க ஊர்ல இல்ல. பெட்டி சும்மா கிடக்கக் கூடாதுன்னு இயக்குநர் ஐயா பக்கத்துலயே நின்னு வைக்கச் சொன்னாரு."

இருவரும் மாடிக்குப் போனார்கள். இயக்குநர் தகட்டைத் தொடவில்லை.

"ஓரத்துல இருந்தா என்ன, நடுவுல இருந்தா என்ன? துரு துருதானேம்மா."

"அது டேப்போட குத்தம், சார். இன்னொரு ஆறு வாரம் பெட்டி குடுங்க."

"நாளையிலேர்ந்து பெட்டி வேற கம்பெனிக்கு. பாலம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"ஐயா, அன்னிக்கு நீங்கதானே..." என்று ஆரம்பித்தாள் உப்புக்காரி.

"நீ போய்ப் பெட்டியைக் கழுவு."

சாயங்காலம் வாசலிலேயே புருஷன் கேட்டான். "என்னடி, உன் பிள்ளை பாஸா, பெயிலா?"

"பெயிலு."

"படிக்கலையா?"

"நல்லாத்தான் எழுதினான். சட்டை ஓரத்துல அழுக்குன்னு பெயில் போட்டுட்டாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. அது அடங்கும்வரை தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி அவள் நின்றாள்.

திங்கட்கிழமை ஆற்றுப்பாலத்தில் பழைய பூச்சோடு வேலை தொடங்கியது. அவன் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினான். அன்றே, வேறு கம்பெனியின் தகடுகளுக்காக, உப்புக்குத் தாங்கும் டேப் ஒரு பெட்டி நிறைய ஸ்டோருக்கு வந்தது. உப்புக்காரி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.