அப்பாவுக்கு ஒரு மேடை

கத்தரிக்கோல் சட்டையின் கழுத்து மடிப்பில் சிக்கிக்கொண்டது. மகள் துணியை விரலால் நெம்பிவிட்டு மறுபடி வெட்டினாள். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்தால்தான் அதை மாட்ட முடியும். அப்பாவின் கைகள் விறைத்துப் போயிருந்தன.

“லோகோ கசங்கிடாம பாத்துக்கோங்க,” என்றாள் வாசலில் நின்றவள்.

ஆரஞ்சு நிறச் சட்டை. நெஞ்சில் இரண்டு கைகள் சேர்ந்து பறவையாக விரிகிற படம், அதன் கீழே நாடகக் கல்வி நிறுவனத்தின் பெயர். கொண்டுவந்தவள் அந்த நிறுவனத்தின் இயக்குநர். வீட்டில் அவளுக்குக் ‘கைதட்டு மேடம்’ என்று பெயர். அப்பா வைத்தது. எந்தப் பயிற்சியையும் கைதட்டித் தொடங்கி, கைதட்டி முடிப்பவள் அவள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நாடகப் பயிற்சி கொடுப்பது அப்பாவின் வேலை. ஆசிரியர்களை பெஞ்சுக்கு அடியில் உட்காரவைத்து, அங்கிருந்து வகுப்பைப் பார்க்கச் சொல்வார். வாயே திறக்காத பிள்ளைக்கு, பேச வேண்டாத வேஷமாகப் பார்த்துக் கொடுப்பார்: கதவு, மழை, தூங்குகிற நாய். நாலு ஒத்திகை போனதும் நாய் தானாகவே குரைக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் குரைப்பை அவரே குரைத்துக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

அப்பாவுக்கு இருமல் வந்த பிறகு மேடம் ஒருநாள் போன் செய்தாள். “பிள்ளைங்க பயப்படுறாங்க சார். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.” அடுத்த வாரமே அவருடைய வகுப்புகளுக்கு வேறொருவன் போனான். அதன் பிறகு அந்த நிறுவனத்திலிருந்து ஒரு ஈ, காக்கா இந்த வீட்டுப் படியேறவில்லை. இப்போது வேனோடு வந்து நிற்கிறார்கள். உடலைப் பயிற்சி அரங்குக்குக் கொண்டுபோய் மேடையில் வைத்து அஞ்சலி செய்ய வேண்டுமாம்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். சளி, சிறுநீர், சீழ் எல்லாம் அவளுக்கு அன்றாடம். காலையில் அப்பாவின் கடைவாயில் காய்ந்திருந்ததைத் துடைத்தபோது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்தச் சட்டையின் புதுத்துணி வாசனைக்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எதுக்கும்மா இந்தக் கூத்து? அப்பா படுத்துக் கெடந்தப்ப ஒருத்தராவது எட்டிப் பாத்தாங்களா?”

“பாக்கல.”

“அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?”

அம்மா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். “உங்க பெரியப்பா வர்றார்.”

“வரட்டும். அதுக்கு?”

“கல்யாணம், காதுகுத்துன்னு எங்க போனாலும் நாலு பேருக்கு முன்னாடி ‘என்னடா, இன்னிக்கு என்ன வேஷம்?’னு கேப்பாரு. உங்கப்பா சிரிச்சிட்டே நிப்பாரு. நான் தட்டைக் கையில வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் பாக்கறதுன்னு தெரியாம நிப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் கீழ உக்காந்து உங்கப்பாவை மேல பாக்கட்டும்.”

“செத்தப்புறமா?”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போய்ச் சட்டையைப் போடு.”

மகள் போட்டாள். முன்னால் இருந்து பார்த்தால் முழுச் சட்டை. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கார்ல?” என்றாள்.

அரங்கில் கண்ணாடிப் பெட்டியை மேடை நடுவில் வைத்து, மேலிருந்து மஞ்சள் விளக்கைப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் நிறைய ஆசிரியர்கள். மகளுக்குப் பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இதையும் பயிற்சி நாளாப் போட்டுக்குவாங்களா?”

“போடுவாங்களாம். மேடம் சொல்லிட்டாங்க. மதியத்துக்கு மேல வீட்டுக்குப் போயிடலாம்.”

“அப்பாடா.”

ஒரு பள்ளியிலிருந்து வந்த சிறுமிகள் மேடை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். கழுத்தில் ஆரஞ்சுத் துணி. காமிராக்காரன் கை காட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். நிஜமான கண்ணீர், கன்னம் வழிய. அவன் காமிராவைத் திருப்பியதும் முதலில் நின்றவள் அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளின் சடையைப் பிடித்து இழுத்தாள். மகளுக்கு அந்தச் சிறுமிமேல் கோபம் வரவில்லை. அழச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்த ஆசிரியை, அழுகையை நிறுத்தச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள்.

பிறகு மேடம் ஒலிவாங்கியைப் பிடித்தாள். “சார் கடைசி மூச்சு வரைக்கும் எங்களோடதான் இருந்தார்,” என்றாள். “சாருக்கு ஒரு நல்ல கைதட்டல் குடுங்க பாக்கலாம்!”

அரங்கம் அதிர்ந்தது. பெட்டிக்குள் அப்பா வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தார்.

அப்பாவின் வகுப்புகளை எடுத்துக்கொண்ட இளைஞன் மேடைக்கு வந்து, அவரைப் போலவே தோளைச் சாய்த்து நடந்தான். அவரைப் போலவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பிறகு அதையே தேடினான். ஆசிரியர்கள் சிரித்தார்கள். அடுத்து இருமினான். அச்சு அசல் அதே இருமல். வறண்டு, இழுத்து, முடிவில் ஒரு சீழ்க்கை. ராத்திரியெல்லாம் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த அந்த இருமலுக்கு அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே முன்வரிசையில் இருந்த பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டினார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, “சின்ன வயசுலயே இவன்கிட்ட இது இருந்துச்சு சார். வீட்ல எல்லாரும் திட்டுவாங்க. நான்தான் விடாத, பண்ணுடான்னு சொல்லிட்டே இருப்பேன்,” என்றார்.

அம்மாவுக்கு அது கேட்டது. அவளுடைய சிரிப்பு உடனே போகவில்லை. உதட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பிறகு போனது.

மகள் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். கை கழுவும் இடத்தில் ஒரு ஆசிரியை உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நீங்க சாரோட பொண்ணுதானே? ரொம்ப நல்ல மனுஷன்மா,” என்றவள், கொஞ்சம் தயங்கி, “போன தடவை பயிற்சிக்கு எனக்கு இன்னும் சான்றிதழ் வரல. சார்தான் கையெழுத்துப் போடணும்னாங்க. இனிமே யாரைக் கேக்கணும்?” என்றாள்.

“அவரையே கேளுங்க. மேடையிலதான் இருக்கார்,” என்று சொல்லிவிட்டு மகள் வெளியே வந்தாள்.

அரங்கில் அம்மா மலர்வளையத்தோடு மேடையேறிக்கொண்டிருந்தாள். மூட்டுவலிக்காரி. படியில் ஒரு கையை ஊன்றி ஏறி, வளையத்தைப் பெட்டிமேல் சாய்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியில் படிந்திருந்த விரல் ரேகையைக் கையால் துடைத்தாள். அவ்வளவுதான். திரும்பி இறங்கினாள்.

காமிராக்காரன் மேடத்தின் காதில் ஏதோ சொன்னான். மேடம் ஓடிவந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

“அம்மா, மன்னிச்சுக்கோங்க. பதிவாகல. இன்னொரு தடவை வர முடியுமா? கொஞ்சம் மெதுவா. கடைசில அவரைக் குனிஞ்சு ஒரு பார்வை பாருங்க, போதும்.”

மகள் வேகமாக முன்னால் வந்தாள். “அம்மா, வேணாம். வா போலாம்.”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள். பிறகு மேடம் எடுத்துவந்து நீட்டிய வளையத்தை வாங்கிக்கொண்டு போய், முதலில் நின்ற இடத்திலேயே நின்றாள். மேடம் கையை உயர்த்தினாள்.

இந்தத் தடவை படியில் கையை ஊன்றவில்லை. நிமிர்ந்து, ஒவ்வொரு அடியாக ஏறினாள். வளையத்தை வைத்தாள். குனிந்தாள். கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து, காமிரா சுற்றிவரும்வரை அப்படியே இருந்தாள். அரங்கத்தில் யாரோ விசும்பினார்கள். பெரியப்பா எழுந்து நின்றார்.

மகளால் பார்க்க முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மயானத்துக்குப் போகிற வேனில் பெட்டிக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அம்மா.

“ரெண்டாவது தடவை சரியா வந்துச்சா?” என்று அம்மா கேட்டாள்.

மகள் பெட்டிமேல் சரிந்திருந்த மலர்வளையத்தை நேராக்கினாள்.

சிக்னலில் வேன் நின்றது. பக்கத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. ஜன்னலோரப் பயணிகள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள். அம்மா தலையை லேசாக நிமிர்த்திக்கொண்டாள். கையை நீட்டி, அப்பாவின் முகத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் வைத்தாள்.

பச்சை விளக்கு விழுந்தது. பேருந்து முந்திக்கொண்டு போய்விட்டது. வேன் வேறு தெருவில் திரும்பியது. இருபுறமும் நீளமான மதில்கள், ஆளே இல்லை. அம்மா கையை எடுக்கவில்லை.