பையில் ஒரு குடும்பம்

ஒருவர் வீடு வாங்குவாரா, சும்மா பார்த்துவிட்டுப் போவாரா என்பதை, செயலியில் அவருடைய முகப்புப் படத்தைக் கண்ட மூன்றே நொடியில் சொல்லிவிடக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். பிறவியிலேயே வந்த ஆற்றல் இது. பணிவு கருதி இதுவரை வெளியே சொல்லாமல் இருந்தேன்.

வீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. விற்பனைக்கு வரும் காலி வீடுகளைப் படம் எடுத்துச் செயலியில் எங்கள் பக்கத்தில் போட வேண்டும். விசாரிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து காட்ட வேண்டும். காலி வீட்டைக் காலியாகவே படம் எடுத்தால் குற்றம் நடந்த இடம் மாதிரி இருக்கும். அதற்காக ஒரு பை வைத்திருந்தேன். அதில் இரண்டு காபிக் கோப்பைகள், ஒரு மூக்குக் கண்ணாடி, பாதியில் பக்கம் மடித்த ஒரு புத்தகம், சிறு பையன் போடும் சிவப்பு ஷூ ஒரு ஜோடி. கோப்பைகளைச் சமையல் மேடையிலும், கண்ணாடியை ஜன்னலோரத்திலும், ஷூவை வாசலிலும் வைத்துவிட்டால், வீட்டுக்காரர்கள் இப்போதுதான் பக்கத்து அறைக்குப் போன மாதிரி ஆகிவிடும். அலுவலகத்தில் அந்தப் பைக்குப் பெயர் ‘குடும்பம்’.

“டேய், குடும்பத்தைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டியா?” என்பார் முதலாளி.

“வண்டியில முன்னாடி மாட்டியாச்சு சார்.”

வேறு குடும்பம் எனக்கு இந்த ஊரில் இல்லை. கடல் தாண்டி இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் ஒத்தாசைக்குப் போனார்கள். ‘இன்னும் ஆறு மாசம்தான்’ என்று சொல்லிச் சொல்லியே இது மூன்றாவது வருடம். நான் ஒற்றை அறையில் இருக்கிறேன். அதைப் படம் எடுத்தால் விற்காது.

வாங்கும் எண்ணமே இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் வைத்த பெயர் ‘சுற்றுலா’. அலமாரியைத் திறந்து மூடுவார்கள். குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். வெயில் எந்தப் பக்கம் விழும் என்பார்கள், என்னவோ நாளைக்கே துணி காயப்போடப் போவதுபோல. மதியச் சாப்பாட்டின்போது இவர்களை நடித்துக் காட்டுவேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

இப்படிப்பட்ட ஆற்றலுக்குத்தான் கட்டைவிரல்காரர் வந்து ஆப்பு வைத்தார். அவருடைய முகப்புப் படத்தில் முக்கால்வாசி அவருடைய கட்டைவிரல். காசு உள்ளவர்களுக்குப் படம் எடுக்க வராது என்பது என் ஆராய்ச்சி முடிவு. “கண்ணை மூடிட்டு நம்பலாம் சார், வாங்குவாரு” என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன்.

அறுபதைத் தாண்டியவர். தேய்த்த சட்டையில் வந்தார். நிதானமாகப் பார்த்தார். “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி” என்று போனார். அடுத்த ஞாயிறு அடுத்த வீடு. அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. ஏழாவது வீட்டின் கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அந்தச் சிவப்பு ஷூ பையன் யாரு?”

“எந்தப் பையன் சார்?”

“உங்க பழைய படம் எல்லாம் உக்காந்து பாத்தேன். எல்லா வீட்டு வாசல்லயும் ஷூவைக் கழட்டிப் போட்டிருக்கான். ஒரு வீட்லயும் நிலைச்சு இருக்க மாட்டேங்கிறான். வருஷம் ஒண்ணாகுது, காலும் வளரக் காணோம்.”

பதினோராயிரம் பேர் பின்தொடரும் பக்கம் அது. ஒருத்தர் கண்ணிலும் படாதது. அசடு வழிய நின்றேன்.

“வாடகை வீட்டுப் பையன் சார். அலைச்சல்ல வளர்த்தி நின்னுபோச்சு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காலி வீடு. சிரிப்பு எல்லா அறைக்கும் ஒரு தடவை போய்விட்டு வந்தது.

அதற்குப் பிறகு ஷூவை அவருக்காகவே இடம் மாற்றி வைத்தேன். “பையன் பால்கனிக்குப் போயிட்டான் போல, கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். நான் அவனுடைய மார்க்கு, சளி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்வேன். அரைமணி போவது தெரியாது.

பதினான்காவது வீட்டோடு முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நேரிலேயே பேசி முடிக்கலாம் என்று கட்டைவிரல்காரர் வீட்டுக்கே போய்விட்டு வந்தார்.

“சொந்த வீடுடா! அஞ்சு ரூம்! இவரைத் தவிர ஈ, காக்கா இல்ல. வீட்டுல கேட்டுச் சொல்றேன்னாரே, யாரைக் கேக்கிறாரு, சுவத்தையா?”

“சுற்றுலா சார்” என்றேன்.

“அவரைத் தூக்கு. அந்த நேரத்துல வாங்கறவன் ரெண்டு பேருக்குக் காட்டலாம். இனிமே அவரு ஒரு வீட்டுக்குள்ள கால் வச்சாரு, நீ ஆபீஸ்ல கால் வைக்காதே.”

அவருடைய கட்டைவிரலை என் கட்டைவிரலால் அழுத்திப் பிளாக் செய்தேன். ஒரு நொடி வேலை. அன்று மதியம் அவரையும் நடித்துக் காட்டினேன். முதலாளிக்குப் புரையேறியது. நன்றாகத்தான் நடித்தேன்.

அடுத்த வாரம் ஷூவைக் கழுவு தொட்டிக்குள் வைத்துப் படம் போட்டேன். நானூறு லைக். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஒற்றை ஷூ. ‘விலை என்ன?’, ‘விலை?’, ஓர் இதயம், மறுபடி ‘விலை?’. பையனுக்கு ஒரு கால் போனதுகூட ஊருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் முதலாளி வெளியூர் போனார். பிளாக்கை எடுத்துவிட்டு, ‘ஞாயிறு பத்து மணிக்கு ஒரு வீடு இருக்கு சார். நான் மட்டும்தான் இருப்பேன்’ என்று கட்டைவிரல்காரருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று செயலி காட்டியது. பதில் இல்லை. ஞாயிறு பன்னிரண்டு வரைக்கும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் சத்தம் கேட்டு நாலு தடவை எட்டிப் பார்த்தேன். நாலு தடவையும் மேல் வீட்டுக்காரர்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு எனக்கு விடுமுறை. போட்டி நிறுவனம் ஒன்று போட்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனேன். தொழில் ஆராய்ச்சி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

“வாங்க சார். தனியாவா வந்தீங்க?”

“மத்தவங்க அப்புறம் வருவாங்க.”

ஒவ்வொரு அறையாகத் திறந்து விளக்கைப் போட்டுக் காட்டினாள். அலமாரியைத் திறந்து மூடினேன். குழாயைத் திருகினேன்.

“தண்ணி நல்லா வருது” என்றேன்.

“இருபத்திநாலு மணி நேரமும் வரும் சார். இந்த ரூமை யாருக்குக் குடுக்கப் போறீங்க?”

“அப்பா அம்மாவுக்கு. அம்மாவுக்கு முட்டி வலி. ராத்திரி எழுந்து ரொம்ப தூரம் நடக்க முடியாது.”

“அப்ப இதேதான் சார். பாத்ரூம் பாருங்க, நாலே எட்டு.”

நாலு எட்டையும் நடந்து பார்த்தேன். சரியாக இருந்தது. திரும்பி வந்து, காலையில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டேன். அவள் திரையை விலக்கிக் காட்டினாள்.