மேசையில் சரி, கையில் தவறு

மேசைமேல் சர்க்கரைக் கரைசலில் சரியாக அளக்கும் கருவி, சக ஊழியன் தர்மோவின் கையில் ஒட்டியதும் ஏன் பொய் சொல்கிறது என்பது அதை வடிவமைத்த ஹில்க்காவுக்குப் பிடிபடவில்லை. ஒட்டுப்பட்டை சர்க்கரை 7.2 என்றது. விரலில் குத்திய ரத்தமோ 3.4 என்றது; மயக்கம் வரவைக்கும் தாழ்வு. தர்மோவின் நெற்றி வியர்த்திருந்தது. பழச்சாற்றை ஒரே மூச்சில் குடித்தான்.

"இதை நம்பித் தூங்கியிருந்தா நாளைக்கு எனக்கு மலர்வளையம் வாங்கியிருப்பே, தாயே."

"உன் வாய்ல மட்டும் சர்க்கரை குறையவே மாட்டேங்குது."

பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போடும் தர்மோ தனியாக வசிப்பவன். திங்கட்கிழமை இதே பட்டையை ஊலு நகரில் எட்டு நோயாளிகளுக்கு ஒட்ட வேண்டும்.

பட்டையின் நுனியில் முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழல்கள் பின்னிக் கிடந்தன. சின்ன மின்னழுத்தம் கொடுத்தால் சர்க்கரைக்கு ஏற்ப மின்னோட்டம் கசியும். அதை அளந்தால் போதும். பொத்தான் பேட்டரி இரண்டு வாரம் தாங்க வேண்டுமே என்று, ஹில்க்கா சுற்று முழுவதையும் ஐந்து நிமிடம் தூங்கவைத்து ஒரு விநாடி மட்டும் எழுப்பினாள். அந்தச் சிக்கனத்தில் அவளுக்குப் பெருமை.

காப்பி வேளையில் தர்மோ பன்னைப் பிய்த்தபடி புலம்பினான். "ஏரிக்கரை வீட்டைப் பூட்டும்போது எங்க அக்கா எல்லா ஹீட்டரையும் அணைச்சுட்டா. சனிக்கிழமை பாதி நாள் கோட்டைக் கழட்டாம உக்காந்திருந்தேன். சூடெல்லாம் சுவரே குடிச்சிடுச்சு."

"ஒண்ணையாவது குறைச்சு வச்சு ஓடவிடுவாங்களே?"

"அவ சிக்கனக்காரி. உன்ன மாதிரி."

ஹில்க்கா கோப்பையைக் கீழே வைத்தாள். மேசையில் கருவிக்குச் சுவர் மின்சாரம்; சிக்கனம் தேவையில்லை. அங்கே அது தூங்கியதே இல்லை!

பட்டையை அலைகாட்டியில் இணைத்து மின்னோட்டத்தைத் திரையில் பார்த்தாள். சுற்று எழும்போதெல்லாம் கோடு செங்குத்தாக ஏறி, மெல்ல வழிந்து இறங்கியது. கரிக்குழல்களின் பரப்பு அத்தனை பெரிது. மின்னழுத்தம் வந்ததும் அது முதலில் மின்னூட்டத்தால் தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. இத்தனை நாளும் அந்தப் பசியையும் சேர்த்துச் சர்க்கரையென்று எண்ணியிருக்கிறாள்.

"மின்னழுத்தத்தை மட்டும் அணைக்காம விட்டுடறேன். அப்ப அது எப்பவும் நிரம்பியே இருக்கும்."

"பேட்டரி?"

"அழுத்தத்தைப் பிடிச்சு வைக்க ஆகுற மின்சாரம் சொற்பம்தான். பதினஞ்சு நாள் வரும்."

மறுநாள் மதியம் தர்மோ பனிச்சறுக்கிவிட்டு, மூக்கு சிவக்க வந்து விரலை நீட்டினான். ரத்தம் 4.1. பட்டை 4.2. அவன் சட்டைக்கைக்குள் மின்னழுத்தம் விழித்தே இருந்தது. சுற்றின் மற்ற பகுதிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, அளந்து, மறுபடி உறங்கின.