தீனி வராத அடுப்பு

எரியத் தொடங்குது. பத்து நிமிசத்தில நூர்ந்து போகுது. அப்ப நெருப்பில பிழையில்லை, தீனிதான் வந்து சேரேல்லை.

அடுப்பின் முன்னால் முழந்தாளில் இருந்தபடி புனிதவதி இதை மூன்றாம் தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கனடாவின் மல்வேர்னில் இந்த வீட்டை வாங்கி ஏழு மாதம். முன்பிருந்தவர்கள் விட்டுப்போன அடுப்பு; மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளைத் தின்னும். வீட்டில் அவற்றுக்கு மரக்குளிசை என்று பெயர். 1994 தை மாதக் குளிருக்குச் சுவரோரத்து மின்சூடாக்கிகள் போதவில்லை. காலையில் சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது.

"அண்ணைக்குப் போன் அடிச்சுச் சொல்லிட்டன்," என்றான் கணவன் குலசிங்கம், படிக்கட்டில் நின்றபடி. "மூண்டு மணிக்கு வாறார். குளிர் விடுமட்டும் அங்க நிப்பம்."

அங்கே என்றால் றிச்மண்ட் ஹில், அவனுடைய தமையன் அன்புராசாவின் வீடு. அதன் நிலக்கீழ் அறையில் நாலு வருடம் இருந்தார்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு அவர் கண்ணாடி மூடி போட்டுப் பூட்டியிருந்தார். திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள். கெட்டவரல்ல, கேட்டால் திறந்துவிடுவார். ஆனால் கேட்க வேண்டும். விறைத்த காலோடு மேலே ஏறிப்போய், அவர் செய்தி பார்த்து முடியும்வரை கதவடியில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்குத் திரும்பிப் போனாலும், தன் உடம்பு அந்த நிற்பைப் பழையபடி பழகிக்கொள்ளும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"மூண்டு மணிக்கு இன்னும் ஒண்டேகால் மணித்தியாலம் கிடக்கு," என்றாள்.

தொழிற்சாலையில் மின்பலகைகளுக்கு ஈயம் ஒட்டுகிறவள் அவள். பிழையை முடிவிலிருந்து பின்னோக்கித் தேடுவது அங்கே பழகியது. குளிசை எரியும் கிண்ணத்தைச் சுரண்டினாள், துளைகள் திறந்திருந்தன. புகைக்குழாயில் அடைப்பில்லை. அடுப்பைப் போட்டுவிட்டுக் காது கொடுத்தாள். மோட்டர் முனகியது. குளிசை ஒன்றும் விழவில்லை.

"மோட்டர் செத்துப்போச்சு, விடும்," என்றான் குலசிங்கம்.

"செத்தது முனகுமே?"

பிளக்கைக் கழற்றினாள். மேற்பெட்டியிலிருந்த குளிசைகளை அரிசி அளக்கும் சுண்டால் அள்ளி வாளியில் கொட்டினாள். அடியில், குளிசைகளை நெருப்புக்குத் தள்ளும் திருகுத்தண்டின் வாயில், சீமெந்து போல ஒரு கட்டி. திருப்புளியால் குத்திப் பெயர்த்து மணந்து பார்த்தாள். புளித்த மோர்.

போன கிழமை, வெயில் இல்லையென்று, இந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து மோர்மிளகாய்த் தட்டை மேலே காயவைத்தது அவள்தான். மோர் சொட்டிக் குளிசைகள் ஊதி, சூட்டில் இறுகிவிட்டன. கட்டிக்குள் ஒரு மிளகாய் காம்போடு கிடந்தது.

குலசிங்கம் எட்டிப் பார்த்தான். "கனடாவில அடுப்புக்கு மோர்மிளகாய் தீத்தினது நீர் ஒராள்தான்."

"சிரிக்கிறதை விட்டிட்டு டோர்ச்சைப் பிடியுங்கோ."

பிடித்தான். விரல்மொழி உரிந்தது, அவள் கையை எடுக்கவில்லை. கடைசித் துண்டு பெயர்ந்தபோது திருகுத்தண்டு விரலுக்கே அசைந்தது. பெட்டியை நிரப்பிப் பிளக்கைச் செருகினாள். ஒரு குளிசை விழுந்தது. பிறகு இரண்டு. பத்து நிமிடம் போயிற்று, இருபது போயிற்று. நெருப்பு நின்று எரிந்தது.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. அன்புராசா சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையே?"

"அடுப்பு எரியுது, அண்ணை," என்றான் குலசிங்கம், மனைவியைப் பார்த்தபடி.

"இண்டைக்கு எரியும், நாளைக்கு நூரும். உதை நம்பி இருக்கேலாது. மனிசி சோறும் காய்ச்சிட்டா. பிள்ளை, உடுப்புப் பையை எடு," என்றார் புனிதவதியைப் பார்த்து.

அவர் சொன்னது பொய்யல்ல. நாளைக்கு நூரலாம். நூர்ந்தால் எங்கே கைவைப்பது என்று புனிதவதிக்கு இப்போது தெரியும்.

"நாங்கள் வரேல்லை, அத்தான்," என்றாள், குரலை உயர்த்தாமல். "கோட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."