சக்கரை ஆவாது

ஆண்டாள் அன்றைக்குக் கேசரியில் ஊற்றிய நெய்யைப் பார்த்தால் கடைக்காரனே பயந்திருப்பான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் சும்மாவா? மகள் கயல்விழிக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. நர்சரி ஸ்கூலில் டீச்சர். வந்த வரன்களையெல்லாம் மூஞ்சி சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவள், இந்த வரனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வரச் சொல்லும்மா" என்று தானாகவே வாயைத் திறந்திருந்தாள். அன்றிலிருந்து ஆண்டாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பையன் பெயர் குருமூர்த்தி. சிட்கோவில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையைப் பார்த்துக்கொள்கிற வேலை. அப்பா அம்மா இல்லை. அக்கா தங்கம்மாள்தான் வளர்த்து ஆளாக்கியவள். பக்கத்தில் இருக்கிற மங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். பையன் நல்ல வாட்டசாட்டம்தான். ஆனால் உட்கார்ந்ததிலிருந்து முகத்தை உர்ரென்று வைத்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான். ஏன் இப்படி இருக்கிறான் என்று ஆண்டாளுக்குப் புரியவே இல்லை.

கயல்விழி காபித் தட்டோடு வந்தாள். கப்பை எடுக்கப் போனவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"சக்கரை போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குதுங்க."

"போடாம ஒண்ணு கெடைக்குமா?"

கேசரித் தட்டையும் அவன் மெல்லத் தள்ளி வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேசரியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்த ஆண்டாளின் தம்பி ராஜாங்கம் மெல்லுவதை நிறுத்தினான். தங்கம்மாளுக்குப் பதற்றமாகிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. அவனுக்குச் சக்கரை ஆவாதுங்க!"

போதுமே! குண்டு போட இதற்கு மேல் வேறு ஆள் வேண்டுமா? அதற்குப் பிறகு ஆண்டாள் யார் பேசியதையும் காதில் வாங்கவில்லை. கயல்விழி உள்ளே போய்ச் சர்க்கரையில்லாமல் வேறு காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். பெற்றவளுக்கு அதுவும் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

சர்க்கரை என்றால் கடையில் விற்கிற சாமான் என்று ஊரெல்லாம் நினைக்கலாம். ஆண்டாளுக்கு அது புருஷனைக் கொண்டுபோன நோய். சாமிக்கண்ணு லாரி ஓட்டினவர். 'ஒடம்புல சக்கரை இருக்குது, வாயைக் கட்டுங்க' என்று டாக்டர் சொன்னால், வீட்டில் தலையாட்டிவிட்டு ரோட்டில் ஜிலேபி தின்கிற மனுஷன். கால் விரலில் ஒரு கொப்புளம் வந்தது. விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே போனது, கடைசியில் ஆளே போனார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் இரண்டு ஆரஞ்சைக் கையில் கொடுத்து, "பாத்துக்க ஆண்டாளு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். வராண்டா பெஞ்சில் அவள் ஒருத்திதான் கிடந்தாள். அழக்கூட ஒரு துணை இல்லை. தன் பெண்ணுக்கு அந்தப் பெஞ்சு வரவே கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம்.

அதனால் வந்தவர்கள் தெருமுனை தாண்டும் முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"சக்கரைக்காரனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன். ராஜாங்கம், போன் போட்டு வேணாம்னு சொல்லிடு."

"அவரு ஒடம்புக்கு என்னான்னு அவரையே கேட்டியாம்மா?" என்றாள் கயல்விழி.

"கேக்கறது வேறயா? நம்ம எதிர்லதானே சொன்னாங்க."

"எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. கேட்டுட்டு அப்புறம் வேணாம்னு சொல்லு."

இப்படிப் பட்டென்று சொல்கிற பெண்ணா இவள்? ஆண்டாள், 'கேட்டுத் தொலை' என்று தம்பிக்குக் கையைக் காட்டினாள். ராஜாங்கத்துக்குச் செல்போன் புதிது, எப்போதடா பேசலாம் என்று காத்திருப்பவன். ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்து, சேத்தியாத்தோப்பு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"தம்பி, நான் பொண்ணோட மாமன் பேசறேன். மறைக்காம சொல்லணும். ஒங்களுக்குச் சக்கரை இருக்குதா?"

அந்தப் பக்கம் குருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இருக்குதுங்க. ரேஷன்ல வாங்குனது அப்படியே கெடக்குது. ஏங்க, வூட்டுக்கு வேணுங்களா? கொண்டாந்து தரட்டா?"

கயல்விழி வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒடம்புல இருக்குதான்னு கேக்கறேன் தம்பி!"

"ஒடம்புலயா? ஐயையோ, அதெல்லாம் இல்லிங்க. சளிங்க! சளி புடிச்சா நான் வெள்ளைச் சக்கரையை நிறுத்திடுவேன். டீ, காப்பி, பலகாரம் எதுலயும் தொடறதில்ல. தொட்டா எனக்குத் தொண்டை கட்டிக்கும். சூளைகிட்ட நிக்கறவன் பாருங்க, சளி வந்தா லேசுல போவாது."

"அட, சளின்னு அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அக்காதாங்க சொல்லக் கூடாதுன்னாங்க. நல்ல காரியத்துக்குப் போற எடத்துல தும்மிட்டா சகுனம் கெட்டுடுமாம். சளின்னு சொன்னா எல்லாரும் எப்படா தும்மப் போறான்னு என் மூக்கையே பாத்துகிட்டு இருப்பாங்களாம். அதான் மூச்சை அடக்கிகிட்டே ஒக்காந்திருந்தேன்."

கேட்டீர்களா கூத்தை! ஒரு தும்மலை மறைக்கப் போய், இல்லாத வியாதியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டான் மனுஷன். ராஜாங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். கயல்விழியின் சிரிப்பும் உள்ளேயிருந்து கேட்டது. ஆண்டாள் மட்டும் சிரிக்கவில்லை.

"எவன்டா எனக்கு இருக்குதுன்னு ஒத்துப்பான்? ஒங்க மாமா ஒத்துகிட்டாரா? ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் நான் நம்புவேன்."

"யக்கா, மாப்ளைகிட்டப் போயி ரத்தம் குடுன்னு கேக்கறதா? நாலு பேரு காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்."

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குருமூர்த்தி கோபப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். 'தாராளமா எடுக்கலாங்க' என்றான். ஆனால் கயல்விழி ஒரு முட்டுக்கட்டை போட்டாள்.

"அவரை மட்டும் குத்தறது நியாயமில்ல. எனக்கும் எடுக்கட்டும். சக்கரை இருந்துது என் அப்பாவுக்கு. அவரு அப்பாவுக்கு இல்ல."

"சின்னப் பொண்ணுடி நீ. ஒனக்கு எதுக்கு?"

"அப்ப அவருக்கும் வேணாம்."

ஆண்டாள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாள். அந்தச் சனிக்கிழமை காலையில் பாலக்கரைப் பக்கம் இருந்த ஒரு லேபில் இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டினார்கள். டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் நீட்டினார்கள். நடுவில் கிடைத்த நேரத்தில் ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி தின்றபடி என்னதான் பேசினார்களோ, திரும்பி வரும்போது கயல்விழியின் முகம் வேறு முகமாக இருந்தது. குருமூர்த்திக்கு இன்னும் மூக்கடைப்பு விடவில்லை. அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தும்மல் போட்டான். அவள் சிரித்துவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். லேபில் உட்கார்ந்திருந்த ஆண்டாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

சாயங்காலம் முடிவு கேட்க ஆண்டாளும் ராஜாங்கமும்தான் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் காகிதங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"குருமூர்த்திக்கு எல்லாம் நார்மலா இருக்குதுங்க. கயல்விழிக்குத்தான் சுகர் கூடுதலா இருக்குது. ஆரம்பமாத்தான் இருக்கும். பயப்படாதீங்க, சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாத்துடுங்க."

"மாத்திச் சொல்றியாம்மா? பேரை நல்லாப் பாரு."

அந்தப் பெண் பார்த்தாள். பேர் சரியாகத்தான் இருந்தது.

ஆண்டாள் அங்கே கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, என் பொண்ணா? யார் வீட்டுப் பிள்ளையையோ வேண்டாம் என்று வாய் கிழியப் பேசினேனே, என் வயிற்றில் பிறந்ததுக்கா? தேம்பித் தேம்பி அழுதாள். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

ராஜாங்கம் அவள் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினான். ஜென்மத்தில் முதல் தடவையாகத் தாழ்த்தியிருப்பான்.

"யக்கா, அழாத. நான் சொல்றதைக் கேளு. அவங்க பக்கம் யாரும் நம்ம பாப்பாவுக்கு டெஸ்ட் எடுன்னு கேக்கல. ரெண்டு பேருக்கும் நார்மலுன்னு சொல்லிடுவோம். தையில தாலி ஏறட்டும். அப்புறம் மெதுவா வைத்தியம் பாத்துக்கலாம். யாரு வந்து தோண்டப் போறாங்க?"

வாயால் சொல்லவில்லையே தவிர, ஆண்டாளுக்கும் அந்த ஆசைதான். மகளுக்குப் பிடித்த ஒரே வரன். ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும். விழுங்கலாமா என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. குருமூர்த்தி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான், சட்டையெல்லாம் வெள்ளை மண்.

உள்ளே வந்தவன் ஆண்டாளின் அழுத முகத்தைப் பார்த்தான். அவன் முகமும் வெளுத்துப் போனது.

"எனக்கு இருக்குதாம்மா?"

ராஜாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குருமூர்த்தி தானாகவே முடிவு கட்டிவிட்டான்.

"பரவால்லிங்கம்மா. நீங்க பட்டதெல்லாம் ஒங்க பொண்ணு காலையில சொன்னாங்க. நீங்க பயந்தது நியாயந்தான். அவங்களுக்கு வேற நல்ல எடமாப் பாருங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன். அவங்ககிட்ட மட்டும் நான் மறைச்சிட்டதா சொல்லாதீங்க. எனக்கு நெசமாவே தெரியாது."

இப்படிப்பட்டவனிடமா பொய் சொல்வது? ராஜாங்கம் அவள் தோளை அழுத்தினான். ஆண்டாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க நல்லா இருக்கீங்க. என் பொண்ணுக்குத்தான் இருக்குது."

"யக்கா!" என்றான் ராஜாங்கம்.

"சும்மா இருடா. ஒங்களை வேணாம்னு சொன்னவ நான். ரத்தம் குடுன்னு கேட்டவளும் நான். இப்ப நீங்க வேணாம்னு சொன்னா எனக்கு வாயே இல்ல தம்பி. சொல்லிட்டுப் போயிடுங்க. நான் அவகிட்ட எப்படியோ சொல்லிக்கறேன்."

அவன் போகவில்லை. சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டாளுக்கு ஒவ்வொரு நொடியும் ஒரு யுகமாகப் போனது. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"இல்ல. இனிமேத்தான் போய்ச் சொல்லணும்."

அவன் எழுந்தான். அவளுடைய பையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"எந்திரிங்க அத்தை. போவலாம். நானும் வந்து சொல்றேன்."

ஆண்டாளுக்கு முதலில் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். அத்தை என்றா சொன்னான்? இத்தனை நாளும் அம்மா, அம்மா என்று பொதுவாகக் கூப்பிட்டவன். ராஜாங்கமும் அதைக் கேட்டுவிட்டுத் திறந்த வாயை மூடாமல் நின்றான். ஆண்டாளுக்கு மறுபடியும் அழுகை வந்தது. அது வேறு அழுகை. அவள் எழுந்து அவனோடு நடந்தாள்.

வீட்டில் கயல்விழி பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஆண்டாள் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தபோது மீதியைக் குருமூர்த்தி சொன்னான். ஆரம்பந்தானாம், திங்கக்கிழமையே டாக்டரைப் பார்க்கலாமாம்.

கயல்விழி அழவில்லை. சிவப்பு பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"அப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிடுமாம்மா?"

"ஆவாது," என்றாள் ஆண்டாள். இவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை. "ஒங்கப்பா யார் பேச்சையும் கேக்கல. நீ கேப்ப. நான் சமைச்சுப் போடறதைத்தான் நீ திங்கப் போற."

கயல்விழி குருமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏங்க வந்தீங்க? மாமா சொல்லியிருந்தாப் போதுமே. நீங்க இரக்கப்பட்டு ஒத்துக்க வேணாம். எனக்கு அது புடிக்காது."

"இரக்கம் இல்லிங்க. யோசிச்சுட்டுத்தான் வந்தேன், லேபுல ஒக்காந்து யோசிச்சேன். பயமாத்தான் இருந்துது," என்றான் அவன். "சளி வந்தா நிறுத்துவேன், சளி போனதும் பழையபடி மூணு ஸ்பூன் போட்டுக் குடிப்பேன். அதான் வழக்கம். இந்தவாட்டி நிறுத்துனது நிறுத்துனதாவே இருக்கட்டும்னு பாக்கறேன். ஒரு வூட்ல ரெண்டு விதமா டீ எதுக்குங்க?"

அவள் அவனை அளப்பது மாதிரி ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை.

"மொதல் ஒரு வாரம் வாய் வெறுத்துப் போயிடுமே," என்றாள்.

"தெரியுங்க. எனக்கு அது பழக்கம்."

"அப்ப எனக்கும் சொல்லிக் குடுங்க."

ஆண்டாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"நின்னுகிட்டே இருக்கீங்களே," என்றாள். "ஒக்காருங்க மாப்ளை."